சுவருக்கு அந்தப் பக்கம் கேட்காத கத்தல்

டிசம்பர் பிறந்தால் போதும், உங்களுக்கெல்லாம் என் நினைவு வந்துவிடும். "அக்கா, இந்த வருசம் வந்த த்ராஷ் மெட்டல் ஆல்பத்துல எது டாப்பு?" என்று ஆளாளுக்குச் செய்தி அனுப்புவீர்கள். வலது காதில் ஒரு விசில் நிரந்தரமாகக் குடிவந்துவிட்டது, இனி முடியாது என்று ஒலிக்கலவை மேசையை என்னிடம் வேலை பழகிய உங்களிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு இருக்கிறேன். அப்படியும் விடமாட்டேன் என்கிறீர்கள். சரி, கேட்டுவிட்டீர்கள். பதில் சொல்லாவிட்டால் எனக்கும் சோறு இறங்காது.

கஞ்சிக்கோட்டு உருக்காலைப் பையன்கள் போட்ட 'சூட்டுக்கம்பி' இந்த வருடம் தைரியமாக வாங்கலாம். ஒரு தட்டு பிசகவில்லை, ஒரு பாட்டு நீளவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு மூட்டையைக் கட்டிவிடுகிறார்கள். நல்லேப்பிள்ளிப் பையன்கள் நடத்தும் 'பத்தாயம்' இசைக்குழுவின் ஆல்பமும் நல்ல சரக்குதான். ஆனால் அந்தக் கிட்டார்க்காரனுக்கு யாராவது கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தால் தேவலை. தனி வாசிப்பு தொடங்கினால் நான் அடுப்பில் பால் வைத்துக் காய்ச்சி இறக்கிவிட்டு வருகிறேன், அவன் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறான். என் ஊர்ப் பையன் என்பதால் இவ்வளவோடு விடுகிறேன்.

மூன்றாவது 'கொழுந்து' என்ற குழுவின் 'மிச்சம்'. இதை முதலிடம் என்றும் சொல்லமாட்டேன், மூன்றாமிடம் என்றும் சொல்லமாட்டேன். நான் கலவை செய்த கடைசி ஆல்பம் அது. என் பிள்ளைக்கு நானே பரிசு கொடுப்பது அழகில்லை. ஆனால் உங்களில் பாதிப் பேர் அதைக் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு குரலை எப்படிக்கா அப்படிப் பிடிச்சீங்க? என்ன மைக்கு?" என்று கேட்கிறீர்கள். மைக்கைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், கடையில் கேளுங்கள். குரல் எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன். அதைவிட, அந்தக் குரல் எப்படிப் போகவிருந்தது என்பதைச் சொல்கிறேன்.

என் கூடம் எலப்புள்ளியில் இருந்தது உங்களுக்குத் தெரியும். இரும்பு ஆலைகளுக்குப் பக்கத்தில் போய் யாராவது ஒலிப்பதிவுக் கூடம் வைப்பார்களா என்று கேட்காத ஆளில்லை. ஆலைச் சத்தம் இருப்பதால்தான் வைத்தேன். பக்திப் பாட்டும் கல்யாண வீடியோவும் பதிவுசெய்துகொண்டிருந்தவளிடம் மெட்டல் பிள்ளைகள் தேடி வந்ததற்கு என் திறமை பாதிதான் காரணம். புகார் சொல்ல அக்கம்பக்கம் இல்லாதது மீதிப் பாதி. எவ்வளவு அலறினாலும் ஆலைக்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

அங்கேதான் ஏலப்பாறையிலிருந்து இந்த மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். எஸ்தர் பாட்டும் கிட்டாரும். பாட்டுகள் எல்லாம் அவள் எழுதியவை. சீசன் நேரத்தில் தேயிலை எஸ்டேட்டில் தற்காலிகமாகக் கொழுந்து பறிக்கப் போவாள். அவளுடைய அம்மா அதே எஸ்டேட்டில் நிரந்தர வேலை. செல்வின் டிரம்ஸ். எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவன், மாதா கோவில் மண்டபத்தில் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு வாசித்துப் பழகியவன். பேஸ் வாசிக்கிற ஜோயல் வந்ததிலிருந்து போனது வரை என்னிடம் பேசியது "டீ நல்லாருக்குக்கா" என்ற ஒன்றுதான். அவன் சொன்னதும் பொய். என் டீ யாருக்கும் பிடிக்காது, தேயிலைக்காட்டுப் பிள்ளைகளுக்குப் பிடிக்குமா?

அவர்களை அனுப்பியவன் விவேக். பாலக்காட்டுப் பையன், பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே சிறியதாக ஒரு வெளியீட்டு நிறுவனம் நடத்துகிறான். செல்பேசியில் எடுத்த கிட்டாரும் டிரம்ஸும் மட்டும் கேட்டுவிட்டு ஒப்பந்தம் போட்டிருந்தான். குரலை அவன் கேட்டதே இல்லை. நவம்பருக்குள் ஆல்பம் வெளிவர வேண்டும், இல்லாவிட்டால் இந்த வருடத்துச் சிறந்த ஆல்பங்கள் வரிசையில் எந்தப் பத்திரிகையும் சேர்க்காது, முதல் ஆல்பம் முகவரி இல்லாமல் போய்விடும் என்று என் தலையில் ஆணி அடித்தமாதிரி சொல்லிவைத்திருந்தான்.

கிட்டார், பேஸ், டிரம்ஸ் மூன்றும் முதல் நாளே நெருப்பு. நானே எழுந்து ஒரு தடவை ஆடிவிட்டேன். இந்த வயதில் அதையெல்லாம் வெளியே சொல்லக்கூடாது. மறுநாள் எஸ்தரைக் குரலுக்கு உள்ளே அனுப்பினேன். கதவைச் சாத்தினேன், பாட்டை ஓடவிட்டேன், அவள் வாயைத் திறந்து கத்தினாள்.

போச்சு!

அந்தக் கிட்டாருக்கு மேல் வந்து விழுந்தது பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனையில் பாடுகிற பிள்ளையின் குரல். கத்த முயன்றால் கீச்சென்று உடைந்தது. இன்னும் தம் பிடித்தால் தொண்டை அடைத்து இருமல் வந்தது. வெந்நீர் கொடுத்தேன். விளக்கை அணைத்துப் பார்த்தேன். செல்வினையும் ஜோயலையும் வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகப் பாடச் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை.

"ஏன் கண்ணு, ஊட்டுல எப்படிப் பாடுவியோ அப்படியே பாடு. நான் ஒருத்திதானே இருக்கறேன்" என்றேன்.

"வீட்டுல வரும்க்கா. இங்க வரமாட்டேங்குது" என்றாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

செல்வின் என்னிடம் வந்து தலையைச் சொறிந்தான். "அங்க பாடும்போது பேய் மாதிரி இருக்கும்க்கா. நெசமாத்தான் சொல்லுதேன். இங்க வந்து என்னமோ ஆயிட்டு."

எனக்கு நம்பிக்கை இல்லை. தோழிக்காகப் பரிந்து பேசுகிறான் என்றுதான் நினைத்தேன். விவேக்குக்குப் போன் செய்து நிலவரத்தைச் சொன்னேன்.  அவன், "சேச்சி, வேற குரல் பாக்கலாம். கொச்சியில எனக்குத் தெரிஞ்ச ஒரு பாட்டுக்காரன் இருக்கான், நல்ல தொண்டை. எஸ்தர் கிட்டார் வாசிக்கட்டும். நான் செல்வின்கிட்ட பறையறேன்" என்றான்.

ஒரு பெண் எழுதிய பாட்டிலிருந்து அந்தப் பெண்ணை இறக்கிவிடுவது எவ்வளவு சுலபமாக நடந்துவிடுகிறது, பாருங்கள். ஒரு போன், இரண்டு வாக்கியம். அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. நான்கூட மறுத்துப் பேசவில்லை. மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தேன்.

பதிவறையில் மைக்கை மூடாமல் விட்டிருந்தேன். சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள் என்று நான் நினைத்திருந்த எஸ்தரும் செல்வினும் உள்ளேதான் நின்றிருந்தார்கள். ஒலிபெருக்கியில் அவர்கள் பேச்சு வந்தது. செல்வின் விஷயத்தைச் சொல்கிறான்: "கோச்சுக்காத எஸ்தரு. வேற ஆளை வச்சுப் பாடிக்கிடலாம். நீ கிட்டாரு மட்டும் வாசி. விவேக் அண்ணன் அப்படித்தான் சொல்லுதாரு. இல்லன்னா இந்த வருசம் வராதாம்."

பிறர் பேச்சை ஒட்டுக் கேட்கக்கூடாது என்று கையை நீட்டினேன், அணைப்பதற்கு. அதற்குள் எஸ்தர் பேச ஆரம்பித்தாள்.

சத்தமே போடவில்லை. நான் வெளியில் இருக்கிறேன், எனக்குக் கேட்டுவிடக்கூடாது என்று நினைத்து அடிமூச்சில் பேசினாள். "எழுதுனது யாருல? நாலு வருசம் மண்டையைப் போட்டு உடைச்சது யாரு? எம் பாட்டை எவனோ ஒருத்தன் வந்து கத்துவான், நான் பக்கத்துல நின்னு கம்பியைத் தட்டணுமா? முதல்ல என் தொண்டையை அறுத்துப் போடு. அப்புறம் அவனைக் கூப்பிடு."

நீட்டிய கை நீட்டியபடியே நின்றுவிட்டது.  அடி ஆத்தி, இது என்ன குரல்! மூச்சு முழுக்க இருக்கிறது, கோபம் முழுக்க இருக்கிறது, சத்தம் மட்டும் இல்லை. அறம்புறமாகக் கத்துகிற ஆண்பிள்ளைகள் எத்தனையோ பேரை அந்த அறையில் நிறுத்திப் பதிவுசெய்திருக்கிறேன். ஒருவன் குரலுக்கும் என் கைமுடி இப்படி எழுந்து நின்றதில்லை.

தட்டை அப்படியே வைத்துவிட்டு உள்ளே ஓடினேன். இருவரும் திருடன் மாட்டிக்கொண்டதுபோல் முழித்தார்கள்.

"இப்ப பேசினியே, இதே மாதிரிப் பாடு" என்றேன்.

எஸ்தருக்கு முகம் கறுத்துவிட்டது. "கேட்டுட்டீங்களா?" என்றாள். பிறகு, "அது பாட்டு இல்லக்கா" என்றாள்.

"அப்பறம் அது என்ன?"

"அது வீட்டுல பாடுறது." சொல்லும்போதே கூச்சம். "எங்க லயத்துல எங்க வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவரு. அந்தப் பக்கத்து மாமா தேயிலை ஃபேக்டரியில ராத்திரி ஷிப்டு. பகல்ல தூங்கணும்லா? கிட்டாருக்கு ஹெட்போன் மாட்டிக்கிட்டேன். செல்வின் தலகாணியில அடிப்பான். தொண்டைக்கு என்னத்தக்கா மாட்ட? அதான் சத்தம் வராம கத்திப் பழகிட்டேன்."

செல்வின் சொன்ன பேய் இதுதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. லயம் என்பது எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் வீடு. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் ஆயுசு நூறு என்பார்கள். அதற்குள் உட்கார்ந்து இந்தப் பிள்ளை த்ராஷ் மெட்டல் பாடியிருக்கிறாள், பக்கத்தில் தூங்குகிற மனுசன் புரண்டுகூடப் படுக்காதபடி! வருடக்கணக்கில் அப்படியே பாடியதால் தொண்டை அந்த வழிக்குப் பழகிவிட்டது. திடீரென்று கதவைத் திறந்து ஓடு என்றால் எங்கே ஓடும்?

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. விடை கிடைத்துவிட்டது, இனிமேல் கவலையில்லை என்று வாயெல்லாம் பல்லாக நின்றேன். "அவ்வளவுதானே, அப்படியே பாடீரு கண்ணு. யாருக்கும் இல்லாத குரல் இது" என்றேன்.

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் அழவில்லை. கோபம்.

"வீட்டுல அம்மா சத்தம் போடாதன்னாங்க. பள்ளிக்கூடத்துல டீச்சரு சத்தம் போடாதன்னாங்க. காட்டுல சூப்பர்வைசரு சத்தம் போடாதன்னாரு. ஒரு இடத்துலயாவது போயி மனசாரக் கத்திட்டு வருவோம்னுதான் மலையை விட்டு இறங்கி வந்தேன். நீங்களும் அதையேதான் சொல்லுதீயளாக்கா?"

பிள்ளைகளே, இந்தத் தொழிலில் என்னைத் திட்டாத ஆளில்லை. ஒரு பாடகர் என்மேல் வெற்றிலைச் செல்லத்தையே எறிந்திருக்கிறார். அதெல்லாம் உறைத்ததில்லை. இது சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அவள் சொன்னது சரி. என் காதுக்கு எது நல்லது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவள் எதற்காக வந்தாள் என்று நான் யோசிக்கவே இல்லை. நல்ல சத்தம் கிடைத்துவிட்டால் நம் புத்தி அப்படித்தான் போகும், சத்தத்துக்குப் பின்னால் நிற்கிற ஆள் கண்ணுக்குத் தெரியாது.

என்ன செய்வது? அவள் ஆசைப்படியே கத்தவிட்டால் குரல் வராது, கொச்சிக்காரன் வந்துவிடுவான், அவள் பாட்டிலேயே அவளுக்கு இடமில்லை. நான் சொல்வதுபோல் பாடவைத்தால் அவளை வாயடைத்தவர்கள் வரிசையில் நானும் ஒருத்தி. விவேக் வேறு அந்த நேரம் பார்த்து போன் அடிக்கிறான். எடுக்கவில்லை.

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். "நீ சத்தம் போடக்கூடாதுன்னு நான் சொல்லலை கண்ணு. சொன்ன மாதிரி ஆகிப்போச்சு, அது என்ற தப்பு. ஒரே ஒரு பாட்டு அப்படிப் பாடிப் பாரு. நீ மூச்சைக் குடு, சத்தத்தை நான் குடுக்கறேன். எவ்வளவு பெருசு வேணும்னு நீயே சொல்லு. கேட்டுப்போட்டுப் புடிக்கலீன்னா உன்ற கையாலயே அழிச்சுப்போடு. நான் ஏன்னு கேக்கமாட்டேன்."

அவள் செல்வினைப் பார்த்தாள். அவன், "பாடேன்" என்றான், கொஞ்சம் வெட்கத்தோடு.

அதில் ஒரு கூத்து. ஆலைச் சத்தம் இருப்பதால்தான் அங்கே கூடம் வைத்தேன் என்றேனே, மூச்சுக்குரலைப் பதிவுசெய்ய அதே ஆலை எமனாக வந்து நின்றது. மைக்கைக் கிட்டே வைத்து ஒலியைக் கூட்டினால் அவள் மூச்சோடு சேர்ந்து இரும்பு உருளுகிற சத்தமும் வருகிறது. ஷிப்டு மாறும்போது கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும். அதற்காகக் காத்திருந்து, அந்த இடைவெளியில் 'அட்டை' என்ற பாட்டைப் பாடினாள். தேயிலைக்காட்டு அட்டையைப் பற்றிய பாட்டு. "உறிஞ்சினது போக மிச்சம் இருக்கு, எனக்குள்ள ரத்தம் மிச்சம் இருக்கு" என்று திரும்பத் திரும்ப வரும். உடம்பே முறுக்கிக்கொள்கிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, ஒலிபெருக்கியை அணைத்திருந்ததால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மேசையில் ஒலியளவு காட்டும் ஊசி மட்டும் ஆடுகிறது.

பாடி முடித்ததும் அவளை என் நாற்காலியில் உட்காரவைத்தேன். பெரிய ஒலிபெருக்கிகளைத் திறந்தேன். கிட்டார் வந்தது, டிரம்ஸ் வந்தது, அதற்கு மேல் அவள் வந்தாள்.

"இன்னும் கூட்டுங்க" என்றாள். கூட்டினேன்.

"இன்னும்."

"கண்ணு, சன்னல் பேந்துக்கும்."

"இன்னும்க்கா."

கூட்டினேன். மேசைமேல் இருந்த டம்ளர் நடந்துபோய்க் கீழே விழுந்தது. இருநூறு ஆள் ஒரே நேரத்தில் காதுக்குள் ஆத்திரப்படுவதுபோல் இருந்தது. எஸ்தர் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், சிரித்தாள், நிறுத்தவே முடியவில்லை. பாட்டு முடிந்ததும், "நான் இவ்ளோ பெரிய ஆளாக்கா?" என்று கேட்டாள். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டேன். அந்தப் பதிவை அவள் அழிக்கவில்லை. மற்றப் பாட்டுகளையும் அப்படியே பாடினாள், ஷிப்டுக்கு ஷிப்டு காத்திருந்து.

விவேக்குக்கு ஒரு பாட்டை அனுப்பினேன். அவன் போனில், "சேச்சி, இது த்ராஷா, குழந்தையை உறக்குற பாட்டா?" என்றான். செல்பேசியில் கேட்டிருக்கிறான், வேறென்ன. கொச்சிப் பாட்டுக்காரனின் குரல் ஏற்கனவே தயார் என்றும், அதை வைத்துக் கலந்து கொடுங்கள் என்றும் அனுப்பிவிட்டான். நேரம் இல்லை, வாதம் வேண்டாம் என்றான். ஒப்பந்தம் அவன் கையில்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டியது. எனக்கு அந்தக் கலவையைக் கெடுத்துக் கொடுப்பது ஒரு நிமிட வேலை. குரலைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, டிரம்ஸைக் கொஞ்சம் மழுங்கவைத்தால் போதும், யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கை ஊறியது என்பதை மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கொச்சிப் பையன் என்ன பாவம் செய்தான்? அவன் உயிரைக் கொடுத்துப் பாடியிருந்தான், நல்ல தொண்டையும்கூட. அதனால் அவன் குரலுக்கும் என் முழு வேலையையும் போட்டேன். தோற்கவேண்டும் என்று ஒரு கலவையைச் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் பிறகு எது நல்லது என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

இரண்டும் தயாரானதும் விவேக்கிடம், "நேர்ல வந்து இந்த நாற்காலியில உக்காந்து கேட்டாத்தான் தருவேன்" என்றேன். திட்டிக்கொண்டே வந்தான். மலையிலிருந்து அவர்கள் மூன்று பேரும் வந்தார்கள். முதலில் கொச்சிக்காரனுடையது. நன்றாக இருந்தது. ஜோயல்கூடத் தலையை ஆட்டினான். எஸ்தர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கைகள் மடியில் ஒன்றையொன்று பிடித்திருந்தன. அவளுக்காக எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டாவதாக எஸ்தருடையதைப் போட்டேன். 

பாட்டு முடிந்ததும் முதலில் பேசியவன் செல்வின். வேறு ஆளை வைக்கலாம் என்று சொன்ன அதே செல்வின். "அண்ணே, முதல்ல கேட்டது நல்லாத்தான் இருக்கு. ஆனா அது யாரு பாட்டோ. இது எங்க பாட்டு. இவ பாடலன்னா நான் வாசிக்கல" என்றான். எஸ்தர் தலையைத் தூக்கவில்லை. அவன் பக்கம் கையை நீட்டி அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

விவேக் இன்னொரு தடவை போடச் சொன்னான். அப்புறம் இன்னொரு தடவை. எழுந்து சுவரில் சாய்ந்து நின்று கேட்டான். "ரிஸ்க்காணு சேச்சி" என்றான். "இதை வச்சு சிரிக்கப் போறானுக."

"சிரிக்கட்டும். சிரிச்சவன் மறுபடி போட்டுக் கேப்பான்" என்றேன்.

எஸ்தர் குரலோடேயே நவம்பரில் வந்தது. சிரித்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. மைக் ரிப்பேரா என்று கேட்டான் ஒருவன். ஆனால் மறுபடி போட்டுக் கேட்டார்கள். வருடக் கடைசி வரிசைகளில் எங்கெங்கோ பெயர் வர ஆரம்பித்தது. விவேக் இப்போது அது தன் யோசனை என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். சந்தோசமாக இருக்கட்டும்.

அதன் பிறகுதான் மேடை. எலப்புள்ளியில் ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்து, பகலிலேயே நிகழ்ச்சி. எனக்கு அன்றுதான் கடைசி வேலை. பாலக்காடு, கோயமுத்தூர், தேனிப் பக்கத்திலிருந்தெல்லாம் கறுப்புச் சட்டை போட்ட பிள்ளைகள் வந்து மண்டபம் நிறைந்துவிட்டது.  கூடத்தில் மூச்சைப் பெரிதாக்கலாம். மேடையில், பக்கத்திலேயே செல்வின் டிரம்ஸை அடிக்கும்போது மூச்சை எங்கே பெரிதாக்குவது? கூட்டினால் மைக் ஊளையிடும். ஒத்திகையில் ஒருவாறு சமாளித்தோம். ஆள் நிறைந்த மண்டபம் வேறு.

'அட்டை' தொடங்கியது. எஸ்தர் மைக்கை வாயோடு ஒட்டிவைத்துப் பாடினாள். ஒன்றும் கேட்கவில்லை. கூட்டினேன், வீலென்று ஊளை. குறைத்தேன், அவள் காணாமல் போனாள். முன்வரிசைப் பிள்ளைகள் காதைப் பொத்துகிறார்கள். அவள் என்னைப் பார்த்தாள், அந்தத் தூரத்திலிருந்தும் அந்தப் பார்வை எனக்குத் தெரிந்தது. கொச்சிக்காரன் இருந்திருந்தால் என்று அவளே நினைத்துவிடுவாளோ என்றுதான் எனக்கு இருந்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்புறம் ஒன்று செய்தேன். சரியா தப்பா என்று யோசிக்க நேரமில்லை. கிட்டார், பேஸ், எல்லாவற்றையும் மேசையில் ஒரே இழுப்பாகக் கீழே இறக்கிவிட்டேன். த்ராஷ் மேடையில் சத்தத்தை அடைப்பதா! செல்வின் என்னைக் கொன்றுவிடுவதுபோல் பார்த்தான். ஆனால் அவன் கெட்டிக்காரன். அடுத்த வினாடி குச்சிகளைப் போட்டுவிட்டு உள்ளங்கையால் டிரம்ஸைத் தட்ட ஆரம்பித்தான். மண்டபம் திகைத்து அமைதியானது. அந்த அமைதியில் எஸ்தரின் மூச்சு கேட்டது. "உறிஞ்சினது போக மிச்சம் இருக்கு..."

முன்வரிசையில் ஒரு பெண் அதே மாதிரி மூச்சுக்குரலில் கூடச் சொன்னாள். அவள் பக்கத்தில் இருந்தவன் சொன்னான். வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. அந்த மண்டபம் முழுக்க அத்தனை பிள்ளைகளும் கழுத்து நரம்பு புடைக்க, முஷ்டியை உயர்த்தி, சத்தமே இல்லாமல் கத்தினார்கள். மின்விசிறிச் சத்தம் கேட்கிறது, அவர்கள் கத்துகிறார்கள்.  வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் கேட்ட பெரிய சத்தம் அதுதான்.

பாட்டின் கடைசி வரி. எஸ்தர் மைக்கைக் கீழே இறக்கினாள். தலையைப் பின்னால் சாய்த்து, அடிவயிற்றிலிருந்து, முழுத் தொண்டையில் கத்தினாள். குரல் நடுவில் உடைந்தது, பிசிறடித்தது, மறுபடி எழுந்தது. மைக் இல்லாமலே பின்கதவு வரை கேட்டது. மண்டபம் வெடித்துவிட்டது.

எல்லாம் முடிந்து மைக் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். வேர்த்து வழிந்தபடி எஸ்தர் வந்து என் மேசைமேல் கையை ஊன்றி நின்றாள்.

"கேட்டுச்சாக்கா?"

"நல்லாக் கேட்டுது கண்ணு."

"நல்லா இருந்துச்சா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "இல்ல. கீச்சுன்னு இருந்துது."

சிரித்தாள். "ஆமா, தொண்டை எரியுது" என்று கழுத்தைத் தடவிக்கொண்டாள். "ஆனா வந்துட்டுல்லா?"

"வந்துருச்சு."

அவள் இப்போது ஏலப்பாறையில் ஒரு பாறை மேட்டில் போய் நின்று தினமும் கத்திப் பழகுகிறாளாம். செல்வின் போனில் சொன்னான். மலையில் இருக்கிற மாடெல்லாம் மிரண்டுபோய்விட்டதாம்.

அடுத்த ஆல்பத்துக்கு அவள் உங்களில் யாரிடமாவதுதான் வருவாள். வந்து, இந்தத் தடவை கத்தப் போகிறேன் என்பாள். முதல் நாள் நன்றாக வராது. உங்கள் காது உடனே 'மிச்சம்' ஆல்பத்தை நினைக்கும், மெல்லப் பாடினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நாக்கு நுனிவரை வந்துவிடும். எனக்கும் வந்தது, சொல்லியும்விட்டேன். நீங்கள் சொல்லாதீர்கள். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காருங்கள், அவள் கத்தட்டும்.